காஞ்சி நயினாப் பிள்ளையும் கிராமபோன் தட்டும்

சங்கீதம் விலைப்பொருளாயிற்றென்றும், வித்வான்கள் கைத்தட்டலுக்கும் காசுக்குமாகத் தம் பாணியைக் கைவிட்டனரென்றும் நம் இசை வேளாளர் குலப் பெரியோர் குறைகூறக் கேட்கின்றோம். இக்குறை எத்துணை நியாயமுடையதென்பதை நம் செங்கற்பட்டு நாட்டுச் சரித்திரங் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எடுப்பித்த இராஜசிம்ம பல்லவன், தன் விருதுப் பெயர்களுள் ஒன்றாக 'வீணாநாரதன்' என்பதையும் கல்லிற் பொறித்து வைத்தான். வேந்தனே இசைவாணனாய் விளங்கிய நாடு இது. பிற்காலத்தும் கோயில் மானியமும் செல்வர் ஆதரவும் நம் முன்னோரைக் காத்தன. மானியம் உண்டவர்க்கு நாழிகைக் கணக்கில்லை. ஓர் இராகத்தை இரவெல்லாம் வாசிக்கலாம். ஆதரவாளர் சென்னையிற் குடியேறிச் சபைகள் தோன்றிச் சீட்டு விற்கத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. சீட்டு வாங்கியவன் குறித்த நேரத்துக்குள் பல சுவையையும் வேண்டினான்.

அவன் வேண்டுகோளை நன்குணர்ந்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967). வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் பலவற்றை விறுவிறுப்பாகப் பாடி, இராகம் பல்லவியைச் சுருக்கி, துக்கடாக்களால் முடிக்கும் கச்சேரி முறையை அவர் நிலைநாட்டினார். அம்முறையே இன்றளவும் மேடைகளை ஆளுகின்றது.

அக்காலத்திலேயே காஞ்சிபுரத்தில் வேறொரு நெறியில் நின்றவர் நம் குலத்துதித்த நயினாப் பிள்ளை (1889-1934). 1997-ஆம் ஆண்டு வரை காஞ்சி செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாதலின், அவர் நம் நாட்டவரே. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் முதலிய பக்கவாத்தியங்கள் புடைசூழ 'புல் பெஞ்சு' கச்சேரி செய்து, கடினமான பல்லவிகளையும் திருப்புகழையும் லயச் சிறப்புடன் பாடினார். இந்தியாவில் 1902-ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டுகள் பதிவாகலாயின. பக்கமொன்றுக்கு ஏறத்தாழ 3 நிமிஷமே இடமுண்டு. அச்சிறு எல்லைக்குள் இவர் தம் இசையை அடக்க இசைந்தாரில்லை.

ஆனால் இவர் தாயுடன் பிறந்தவரான தனகோடி அம்மாள் தட்டுகளுக்குப் பாடினார். ஒரே குடும்பத்தில் ஒருவர் இசைந்தார், மற்றவர் மறுத்தார். விளைவு யாது? தனகோடி அம்மாளின் குரல் தட்டிலே நிலைபெற்றது. நயினாப் பிள்ளையின் குரலையோ நம்மில் எவரும் கேட்க வழியில்லை. வியாபாரத்துக்கு வளைந்ததொன்றே நமக்குக் குரலைக் காத்துத் தந்ததென்பதை மறுத்தலாகாது.

எனினும் நயினாப் பிள்ளையின் பாணி அழிந்ததோவெனின், இல்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும், வீணை தனம்மாளின் பேத்தியரான பிருந்தா, முக்தா சகோதரியரும் அவரிடம் கற்றுப் பாடாந்தரத்தைக் காத்தனர். தட்டுச் செய்யாததைச் சிஷ்ய பரம்பரை செய்தது. 1919-இல் பிறந்து காஞ்சியில் வளர்ந்த டி. கே. பட்டம்மாள் இவ்விரு வழியையும் இணைத்தார். இசைத்தட்டிலும் 1939-இல் வெளிவந்த 'தியாகபூமி' படத்திலும் பாடியவர், மேடையில் பல்லவி பாடுதலையும் விடாது பெயர்பெற்றார்.

இதனால் நாம் அறிவது யாதெனின், காலத்துக்கேற்பப் பாணி மாறுதல் இழிவன்று. மூலத்தைக் கற்பதை நிறுத்துதலே இழிவு. இன்று திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரக் கடற்கரைச் சாலை வரை திருமண மண்டபங்களில் நாகசுரம் வாசிக்கும் நம் இளைஞரைச் சினிமாப் பாட்டு வாசிக்கும்படி கேட்கின்றனர். வயிற்றுப் பிழைப்புக்காக அதனை வாசிப்பவரை நாம் பழித்தல் தகாது. மானியம் போனபின் அவர்க்குச் சோறிடுவது அம்மண்டபமே. ஆயினும் விடியற்காலச் சாதகத்தில் தோடியும் மல்லாரியும் ஒலிக்கின்றனவா? அவற்றைக் கற்கும் பிள்ளை ஒருவனேனும் வீட்டில் உளனா? பெற்றோர் இவ்விரு வினாவுக்கும் விடை கூறுவாராக. மண்டபத்தில் வாசிப்பது கேட்போர் விருப்பம். வீட்டிற் கற்பிப்பது நம் கடமை.