கிளெக்ஹார்ன் துரையும் ஜவ்வாது மலையும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மலையாளிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். ஜவ்வாது மலையின் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். ஒரு வளைவில் அவர் எதிர்ச் சரிவைக் காட்டினார்.

"அங்கேதாங்க எங்க முப்பாட்டன் காடு வெட்டிச் சாமை விதைச்சாரு. வெள்ளைக்காரன் வந்து சர்க்கார் காடுன்னுட்டான்."

எனக்கு உடனே கிளெக்ஹார்ன் நினைவுக்கு வந்தார். ஹியூ கிளெக்ஹார்ன் 1820-இல் சென்னையில் பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் படித்துவிட்டு, 1842-இல் கம்பெனி டாக்டராகத் திரும்பி வந்தார். மைசூர்ச் சீமையில் சிவமொக்காவில் இருந்தபோது, நாளுக்கு ஒரு செடியாவது பார்த்துவிடுவது என்று விரதம் வைத்துக்கொண்டார். உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு அவற்றைப் படமாகவும் எழுதுவித்தார். நோயாளியைவிடச் செடியிடம் மனம் போன டாக்டர்!

வெப்ப நாட்டுக் காடுகள் அழிந்தால் என்ன கேடு விளையும் என்று 1851-இல் இங்கிலாந்தில் கூடிய விஞ்ஞானிகள் சபைக்கு அவர் ஓர் அறிக்கை தந்தார். காட்டுக்கும் மழைக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை அன்றைக்கே சர்க்காரின் காதில் போட்டது சாமானியக் காரியமல்ல. 1856-இல் சென்னை மாகாணத்துக்கு முதல் காட்டுப் பாதுகாவலர் ஆனார். அதே ஆண்டில்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயிலும் ஓடிற்று. பிறகு தண்டவாளம் பாலாற்றங்கரையோடு ஆம்பூர், வாணியம்பாடி என்று ஜவ்வாது மலையின் காலடியிலேயே நீண்டது. தண்டவாளத்துக்கு அடிக்கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். கோடரிக்கு ஓய்வு ஏது?

காண்டிராக்டரின் கோடரியையும் அவர் கண்டித்தவர்தான். ஆனால் 1860-இல் வந்த தடை யார் தலையில் விழுந்தது? காட்டை வெட்டிச் சுட்டு விதைக்கும் 'குமரி' வேளாண்மை, சர்க்கார் அனுமதியின்றிக் கூடாது என்றாயிற்று. அதை வீண் அழிவு என்றே அவர் உறுதியாக நம்பினார். ரயிலை நிறுத்த யாரால் முடியும்? மலைக்காரனின் கொத்தை நிறுத்துவது எளிது. இந்த இடத்தில் அவரை மன்னிக்க என் மனம் வரவில்லை.

1864-இல் இந்தியா முழுவதற்கும் காட்டிலாகா ஏற்பட்டது. பிராண்டிஸ் அதன் தலைவர். கிளெக்ஹார்ன் அவருக்குத் துணை நின்றார். பின்பு 1882-இன் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. மலைகளெங்கும் காப்புக்காட்டு எல்லைக் கற்கள் முளைத்தன. பழங்குடியினருக்கு அநீதி நேர்ந்ததென்று சட்டமே ஒப்புக்கொள்ள 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே சமயம், எல்லைக் கல் இல்லாதிருந்தால் இந்தச் சரிவில் நிழல் மிஞ்சியிருக்குமா என்றும் எனக்குச் சந்தேகம்தான்.

கதையைப் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"டாக்டருங்களா அவரு? அப்போ பச்சிலை எல்லாம் தெரிஞ்சிருக்குமே!"

"நன்றாகத் தெரியும்."

"யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாருங்க?" என்று கேட்டுவிட்டு, தம் கடுக்காய் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.