அறுவை வலியும் மனப்பயிற்சியும்: ஹூக்ளி முதல் இன்றுவரை

அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூச்சைக் கவனித்து, வலியோடு போராடாமல் அதை உற்று நோக்கிப் பழகும் சில நிமிடப் பயிற்சி மனவிழிப்புப் பயிற்சி எனப்படுகிறது. மனத்தின் வழியாக அறுவை வலியைத் தணிக்கும் முயற்சி, மயக்க மருந்து வருவதற்கு முன்பே இந்தியாவில் நடந்திருக்கிறது.

வங்காளத்தின் ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் எஸ்டெய்ல் (1808–1859). 1845 ஏப்ரலில் விரைவீக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற கைதி ஒருவர் வலியால் துடித்தார். அதுவரை புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த மெஸ்மரிசத்தை எஸ்டெய்ல் அவரிடம் முயன்று பார்த்தார். இது இன்றைய ஹிப்னாடிசத்தின் முன்னோடி. கைதி மெல்ல உணர்விழந்தார்.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. இருட்டறையில் நோயாளியைப் படுக்கவைத்து, இந்திய உதவியாளர்கள் மணிக்கணக்கில் அவர் உடல்மேல் படாமல் கைகளை வீசுவார்கள். சிலருக்குப் பல நாள் ஆகும். யானைக்கால் நோயால் வளர்ந்த பெருங்கட்டிகளைக்கூட எஸ்டெய்ல் இப்படி அகற்றினார். புத்தகங்களில் அவர் பெயரே நிற்கிறது. வியர்க்க வியர்க்கக் கைவீசிய உதவியாளர்களை யாரும் நினைப்பதில்லை.

1846இல் அரசு ஒரு குழுவை அமைத்துச் சோதித்தது. அறுவையின்போது நோயாளிகள் சிலர் உடலை முறுக்கினர், முகம் கோணியது. விழித்ததும் வலிக்கவில்லை என்றனர். உண்மையிலேயே வலிக்கவில்லையா, துரையின் மனம் கோணாதபடி சொன்னார்களா? ஏழைகளும் கைதிகளும் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற ஐயம் அன்றே எழுந்தது. ஆயினும் கல்கத்தாவில் ஒரு சிறிய மருத்துவமனை அவருக்கு ஓராண்டுக்கு வழங்கப்பட்டது.

அதே 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு குளோரோபார்மும் வந்தது. சில நிமிடங்களில் மயக்கம் தரும் மருந்து இருக்கையில் கைவீச்சுக்குக் காத்திருப்பவர் யார்? எஸ்டெய்ல் 1851இல் தாயகம் திரும்பினார்.

மனவிழிப்புப் பயிற்சி வேறு மரபில், பௌத்த தியானத்திலிருந்து வந்தது. 1979இல் ஜான் கபட்-சின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நாட்பட்ட வலியுள்ளவர்களுக்கு அதைக் கற்பித்தார். அவரது பயிற்சி எட்டு வாரம். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவருக்கு அத்தனை நாள் ஏது? 2017இல் வெளியான எரிக் கார்லண்ட் குழுவின் ஆய்வில், வலியோடு மருத்துவமனையில் இருந்த 244 பேரில் ஒரு பிரிவினருக்கு 15 நிமிட மனவிழிப்புப் பயிற்சி ஒரே ஒரு முறை தரப்பட்டது. வெறும் விளக்கம் மட்டும் கேட்டவர்களைவிட அவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. ஹிப்னாடிச முறையில் பயிற்சி பெற்ற பிரிவினருக்கும் அப்படியே. மயக்க மருந்துக்கோ வலிமாத்திரைக்கோ இது மாற்றன்று, துணை மட்டுமே.

இத்தகைய ஆய்வுகளில் வலியைச் சுழியம் முதல் பத்துவரை நோயாளியே மதிப்பிடுகிறார். ஓசூரில் எனக்கு முழங்கால் அறுவை நடந்தபோது செவிலியர் இதைத்தான் கேட்டார்: "பத்துக்கு எவ்வளவு சார்?" பக்கத்துக் கட்டிலில் பிரஸ் இயந்திரத்தில் விரல் நசுங்கிய இளைஞர். அவரிடம் தெலுங்கில் கேட்டார், அடுத்தவரிடம் கன்னடத்தில். அந்த இளைஞர் முதலில் "மூன்று" என்றார். மேற்பார்வையாளர் வெளியே போனதும் "எட்டு" என்று திருத்தினார்.