வயிற்றுப் பெருஞ்சிரைக் காயச் சீரமைப்பு

விபத்து, கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு போன்றவற்றால் வயிற்றுக்குள் கிழிந்த பெரிய சிரைகளின் குருதிக்கசிவை நிறுத்தி, இயன்றால் குருதியோட்டத்தையும் மீட்கும் அவசர அறுவைச் சிகிச்சை. கீழ்ப் பெருஞ்சிரை, இடுப்புச் சிரைகள், சிறுநீரகச் சிரைகள், கல்லீரல் வாயிற்சிரை, மேல் குடல்தாங்கிச் சிரை ஆகியவை இதில் அடங்கும்.

சிரைச் சுவர் மெல்லியது. பதற்றத்தில் கிடுக்கி போட்டால் கிழிசல் பெரிதாகும். எனவே காயத்துக்கு மேலும் கீழும் பஞ்சுத் துணியால் அழுத்திப் பிடித்த பின்னரே, மெல்லிய பாலிபுரொப்பிலீன் நூலால் பக்கவாட்டில் தைப்பர். தைக்க முடியாத நிலையில், சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே பெருஞ்சிரையைக் கட்டிவிடலாம். கால் வீக்கம் வரலாம், ஆனால் உயிர் தப்ப வாய்ப்புண்டு. இடது சிறுநீரகச் சிரையைப் பெருஞ்சிரை அருகே கட்டினாலும் கிளைச் சிரைகள் வழியே குருதி வடியும். வலப்புறத்தில் அந்த வசதி இல்லை.

கல்லீரலுக்குப் பின்னுள்ள பெருஞ்சிரைக் காயமே மிகக் கொடியது. கல்லீரலுக்குச் செல்லும் குருதியைத் தற்காலிகமாக அடைக்கும் முறையை அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908இல் விவரித்தார். ஆனால் அது பெருஞ்சிரைக் கசிவை நிறுத்தாது. அங்கே பல வேளைகளில் துணி திணித்து அழுத்துவதே சரியான முடிவு.

காயமடைந்தவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய தொலைவும் முக்கியம். எடுத்துக்காட்டாக, கர்நாடகத்தின் சாமராஜநகரைப் பார்ப்போம். மைசூரு அங்கிருந்து சுமார் 60 கி.மீ. இத்தகைய தொலைவுகளில், முதல் மருத்துவமனையிலேயே துணி திணித்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, குருதி ஏற்றியபடி அனுப்பும் சேதக் கட்டுப்பாட்டு முறை உயிர்காக்கும் வழியாகும்.