திறந்த எலும்பு முறிவில் புண் பராமரிப்பு

எலும்பு முறிந்ததோடு தோலும் கிழிந்து, முறிவிடம் வெளியே திறந்துகொள்ளும் காயம் திறந்த முறிவு எனப்படும். கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டால் சீழ் ஆண்டுக்கணக்கில் வடியலாம். காலையே எடுக்க நேரலாம்.

ஜோசப் லிஸ்டர் 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்காமல் ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. கிருமிநாசினி அறுவை மருத்துவம் அங்கிருந்துதான் வேர்விட்டது.

இன்று புண்ணுக்குள் கிருமிநாசினிக்குரிய இடம் குறைவு. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு உயிருள்ள திசுவையும் கருக்குகின்றன. செத்த தசையை வெட்டி அகற்றி, நிறைய சலைன் விட்டுக் கழுவுவதே முதன்மைச் சிகிச்சை. 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த, 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சோப்பு நீரால் கழுவியவர்களைவிடச் சலைனால் கழுவியவர்களுக்கு மறு அறுவை குறைவாகவே தேவைப்பட்டது. போவிடோன் அயோடினும் குளோர்ஹெக்சிடினும் அறுவைக்கு முன் சுற்றுத் தோலைத் துடைக்க உதவுகின்றன.

ஊட்டி காந்தல் போன்ற இடங்களில் தொலைவும் மண்ணும் கணக்கில் சேரும். சிக்கலான காயங்களைக் கோவைக்கு அனுப்பினால், கொண்டை ஊசி வளைவுகள் வழியே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் இறங்க வேண்டும். மலைக்காய்கறித் தோட்டத்து மண்ணோ தொழு உரம் கலந்தது. கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கி, 2006-இல் வெளியிட்ட திறந்த காய மதிப்பெண் முறை இவ்விரண்டையும் எடைபோடுகிறது: கழிவுநீரோ உரமண்ணோ புண்ணில் சேர்ந்திருந்தால் 2 மதிப்பெண், காயம் பட்டுச் சுத்திகரிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனால் இன்னும் 2. தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகியவற்றின் சேதத்துக்கு 1 முதல் 5 வரை தனித்தனி மதிப்பெண் உண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலைக் காப்பாற்ற முயல்வர். 17-ஐத் தொட்டால் பெரும்பாலும் அகற்றலே வழி. இடைப்பட்ட 15, 16-இல் மருத்துவரின் அனுபவம்தான் முடிவு செய்யும். மலையோரத்து மருத்துவருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் அரிது.

ஆகவே 108 ஆம்புலன்ஸ் வரும்வரை செய்வதும் செய்யாததும் முக்கியம். காப்பித்தூளோ மஞ்சளோ புண்ணில் அப்பக்கூடாது. வெளியே நீட்டிய எலும்பை உள்ளே தள்ளக்கூடாது. சுத்தமான துணியால் மூடி, ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்து, காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்ட வேண்டும். நரம்பு வழி ஆன்டிபயாடிக்கை முதல் ஒரு மணி நேரத்துக்குள் தருவது நல்லது; டெட்டனஸ் தடுப்பூசியையும் முதலில் சேரும் மருத்துவமனையிலேயே போட்டுவிடலாம். இரண்டுக்கும் கோவை சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.