ஒரே இசைத்தட்டு, இருவேறு செவிகள்

செவ்வியல் என்று போற்றப்படும் ஒரு ராக் இசைத்தொகுப்பைக் கேட்ட நண்பர், 'இதில் அப்படி என்ன இருக்கிறது?' என்று வினவினால், அவரது ரசனையில் குறைகாண நாம் விரைகிறோம். பீச் பாய்ஸ் குழுவினரின் 'பெட் சவுண்ட்ஸ்' அந்த விரைவைச் சற்றே தடுக்கிறது.

1966 மே மாதம் வெளியான அத்தொகுப்பு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 10ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனிலோ 2ஆம் இடத்தை எட்டியது. அலைச்சறுக்கும் காரும் கோடையுமாக அக்குழுவிடம் களிப்பையே பெற்றுப் பழகிய அமெரிக்க ரசிகர்கள் பலர், பிரையன் வில்சன் இழைத்துத் தந்த தனிமையை எதிர்பார்த்திருக்கவில்லை. இசைத்தட்டு நிறுவனமும் ஜூலையிலேயே பழைய வெற்றிப்பாடல்களின் திரட்டொன்றை வெளியிட்டது. லண்டனிலோ பீட்டில்ஸின் 'ரிவால்வர்' பதிவாகிக்கொண்டிருந்த காலம். புதுமைக்குச் செவிகள் திறந்திருந்தன. 1967இல் வந்த தங்களது 'சார்ஜென்ட் பெப்பர்' தொகுப்புக்கு இதுவே பெருந்தூண்டுதல் என்று பால் மெக்கார்ட்னி பின்னாளில் கூறினார்.

2003இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் தேர்ந்த 500 தொகுப்புகளில் இதற்கு இரண்டாமிடம். பழைய எதிர்பார்ப்பு உதிர்ந்தது; புதியதொன்று முளைத்தது. அன்று களிப்பைத் தேடியவர்கள் ஏமாந்தனர். இன்று மகத்துவத்தைத் தேடி அமர்பவர்களும் ஏமாறக்கூடும். நண்பரின் செவியைப் பழிக்குமுன், அவரிடம் நாம் அத்தொகுப்பை எத்தனை புகழுரைகளோடு கொடுத்தோம் என்பதை எண்ணிப்பார்ப்பது நலம்.