உரோமையின் கையெழுத்தும் தமிழின் தும்பிக்கையும்

கண்டி நகரைத் தாண்டித் தென்கிழக்கே போனால் அம்பிட்டிய. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக ஒரு குருமடத்தை இங்கே நிறுவினார். பெல்ஜிய இயேசு சபையினர் அதை நடத்தினார்கள். பாடமொழி இலத்தீன். 1955இல் அந்தக் குருமடம் புனேக்கு இடம்பெயர்ந்தது. இலங்கையின் தேசிய குருமடம் இன்று அம்பிட்டியவில் இயங்குகிறது.

குருமடத்துக்கு ஆணை வந்த அதே உரோமையில்தான், இன்று கல்யாண அட்டைகளிலும் சான்றிதழ்களிலும் வளைந்து நெளியும் ஆங்கில எழுத்துருக்களுக்கும் மூலம் இருக்கிறது. பாப்பரசரின் செயலகத்தில் கடிதம் எழுதியவர்கள் வேகத்துக்காக ஒல்லியான, சாய்ந்த ஒரு கையெழுத்தைப் பழகியிருந்தார்கள். வெனிஸில் அச்சகர் ஆல்தோ மனூத்சியோ 1501லேயே அதுபோன்ற கையெழுத்தைப் பார்த்துச் சாய்வெழுத்து அச்சை வார்ப்பித்தார். செயலக எழுத்தரான லுடோவிகோ அரிகி, 1522 என்று ஆண்டு குறித்த தம் பயிற்சி நூலில் அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தார். பேனாவின் ஓட்டம் அப்படியே தெரியவேண்டும் என்பதால், அந்த நூலின் பக்கங்களை மரக்கட்டைகளில் செதுக்கியே அச்சிட்டார்கள். 1524 வாக்கில் அவர் தம் கையெழுத்தையே ஈய அச்சாக்கினார்.

அந்த மரபில் ஹெர்மன் சாப் 1979இல் வடிவமைத்த ‘சாப் சான்சரி’ எழுத்துரு, 1986இல் ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறிக்குள் குடியேறி உலகமெங்கும் பரவியது. தலைப்புக்கும் பெயருக்கும் நன்றாக இருக்கும். முழு அழைப்பிதழையும் அதன் பெரிய எழுத்துகளிலேயே அடித்தால், மணமகன் பெயரை மணமகளே எழுத்துக்கூட்டித்தான் படிக்கவேண்டும்!

தமிழ் அச்சைத் தொடங்கியவர்களும் இயேசு சபையினர்தாம். அன்றீக்கே அன்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் வெளிவந்தது. எழுத்தாணியால் ஓலையில் கீறிய வடிவம் ஈயத்துக்கு வந்தது. ஆனால் பிறகு நடந்தது உரோமையில் நடந்ததற்கு நேர்மாறு. அங்கே கையெழுத்தின் அழகைப் பிடிக்க அச்சு பாடுபட்டது. இங்கே அச்சின் வசதிக்காகக் கையெழுத்தைத் திருத்தினோம். ணை, லை, ளை, னை நான்கும் முன்பு யானைத் தும்பிக்கைபோல் ஒரு சுழியைத் தூக்கி நின்றன. ணா, றா, னா தத்தம் வாலை உள்ளே மடித்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் அவற்றை நேராக்கினார். எம்.ஜி.ஆர். அரசு 1978இல் அதை ஆணையாக்கியபோது, ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்து 13 எழுத்துகள் மாறின. கற்பவருக்கும் அச்சுக்கோப்பவருக்கும் அது பெரும் உபகாரம், மறுக்கமுடியாது.

இலங்கையில் பழைய சுழிகள் மேலும் சில காலம் நீடித்தன. பள்ளிக்கூடத்தில் அவற்றைப் பழகியவர்கள் கையெழுத்தில் இன்றும் அந்தத் தும்பிக்கை எட்டிப்பார்க்கும். ஈயப்பெட்டியின் நெருக்கடி இப்போது இல்லை. ஒரே கணினி எழுத்துருவுக்குள் ஓர் எழுத்தின் பழைய வடிவத்தையும் புதியதையும் சேர்த்தே வைக்கலாம். அழைப்பிதழ் எழுத்துரு வரைகிறவர்கள் முதலில் கைவைக்கவேண்டியது அந்த 13 எழுத்துகளில்தான்.