போகிறவர் ஏற்றிய விளக்கு

கடமை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு லியாம் பிராடியின் ஞாபகம்தான் வருகிறது.

1956-இல் டப்ளின் நகரில் பிறந்த ஐரிஷ்காரர். 15 வயதில் லண்டன் ஆர்சனல் குழுவில் சேர்ந்தார். மைதானத்தின் நடுவே நின்று, இடது காலால் பந்தை அளந்து அனுப்புவதில் சூரர். இத்தாலியக் குழுக்கள் வெளிநாட்டாருக்கு வெகுகாலம் அடைத்திருந்த கதவை 1980-இல் திறந்தன; குழுவுக்கு ஒருவர்தான். டூரின் நகரத்து யுவென்டஸ் பிராடியை அழைத்துக்கொண்டது. முதல் வருஷமே லீக் பட்டம் கிடைத்தது.

மறு வருஷம் முடியுமுன் இடி விழுந்தது. அடுத்த பருவத்தில் அந்நியர் இருவருக்கு இடம் உண்டு. ஆனால் அவை போலந்தின் போனியெக்குக்கும் பிரான்ஸின் பிளாட்டினிக்கும்! பிராடி போகலாம்.

1982 மே 16. கட்டன்சாரோ நகரில் கடைசிப் பந்தயம். பட்டத்துக்குப் போட்டியான பியோரென்டினாவும் அதே புள்ளிகளில் நிற்கிறது. பிற்பாதியில் யுவென்டஸுக்கு ஒரு பெனால்ட்டி. உதைக்க வந்தவர் யார் என்கிறீர்கள்? வேலை போன பிராடிதான்! குறி தவறினால் ஊர் என்ன பேசும்?

தவறவில்லை. 1-0. பியோரென்டினாவின் ஆட்டமோ கோலில்லாமல் முடிந்தது. பட்டம் யுவென்டஸுக்கு, பிராடி ஸாம்ப்டோரியா குழுவுக்கு.

இருக்கிற வீட்டில் விளக்கேற்றுவது யாருக்கும் முடியும். வெளியே போகச் சொன்ன வீட்டில் ஏற்றிவிட்டுப் போக, தனி மனசு வேண்டும்.